வயலோரத்துக் கதிர்கள்



நம் உறையூர் வெக்காளியம்மன் கோயிலின் கருவறைக்கு மேற்கூரை இல்லை என்பதை நீங்கள் அறிவீர்கள். முற்காலத்தில் மண்மாரி பொழிந்து இவ்வூர் அழிந்தது என்றும், வீடிழந்த மக்கள் யாவருக்கும் கூரை அமையும்வரை தனக்கும் அது வேண்டாமென்று அம்மன் வெட்டவெளியில் நிற்கிறாள் என்றும் நம் அயலார் வழிவழியாகச் சொல்லி வருகின்றனர். நமது விசுவாசம் வேறு. ஆயினும், வீடற்றோரை ஊர் மறக்கலாகாது என்னும் எண்ணம் இம்மண்ணில் எவ்வளவு பழையது என்பதற்கு இது சாட்சி. இவ்வாரம் அவர்களுடைய உணவைக் குறித்துச் சிந்திப்போம்.

லேவியராகமம் 19-ஆம் அதிகாரத்தையும் உபாகமம் 24-ஆம் அதிகாரத்தையும் வாசித்துப் பாருங்கள். வயலின் ஓரத்தை அறுக்காமல் விடவேண்டும். மறந்துவிட்ட அரிக்கட்டை எடுக்கத் திரும்பிப் போகலாகாது. அது பரதேசிக்கும், திக்கற்ற பிள்ளைக்கும், விதவைக்கும் உரியது. நிலத்துக்காரர் அதைப் பிச்சையாக இடுவதில்லை; அந்தப் பங்கு அவருடையதே அன்று. மோவாபியப் பெண்ணாகிய ரூத் அந்தப் பிரமாணத்தை நம்பியே வயலுக்குப் போனாள். அவளை யாரும் வெட்கப்படுத்தாதபடி போவாஸ் தன் வேலைக்காரருக்குக் கட்டளையிட்டான். பிரமாணம் உரிமையைத் தந்தது. நல்ல மனிதன் கண்ணியத்தைத் தந்தான். இவ்விரண்டும் வேண்டும்.

1762-இல் திருச்சிராப்பள்ளிக்கு வந்து, 1766-இல் கோட்டைக்குள் கிறிஸ்து ஆலயம் எழும்பக் காரணமாயிருந்த சுவார்ட்ஸ் ஐயரை நாம் நன்றியோடு நினைக்கிறோம். பின்னர் அவர் தஞ்சையில் ஊழியம் செய்தபோது, ஹைதர் அலியின் படையெடுப்பால் அங்கே கொடிய பஞ்சம் உண்டாயிற்று. நாட்டுப்புறத்தில் நெல் இருந்தது. ஆனால் அதைக் கோட்டைக்குக் கொண்டுவர மாடுகள் கிடைக்கவில்லை. முன்பு கூலி கொடாமல் ஏமாற்றிய அரசாங்கத்தை மக்கள் நம்ப மறுத்தனர். சுவார்ட்ஸ் தாமே கூலிக்குப் பொறுப்பேற்று வாக்குக் கொடுத்தார். சில நாட்களில் மாடுகள் வந்தன. விரைவில் 80,000 கலம் தானியம் கோட்டையை அடைந்தது. ஒரு மனிதருடைய சொல் அத்தனை உயிர்களைக் காத்தது. ஆனால் அத்தகைய மனிதர் இல்லாத ஊரில் பசித்தவன் யாரை நம்புவான்?

இக்கேள்வி 2001-இல் உச்ச நீதிமன்றத்தை எட்டியது. அரசுக் கிடங்குகளில் கோடிக்கணக்கான டன் தானியம் குவிந்திருக்க, வறட்சியால் வாடிய ராஜஸ்தானில் மக்கள் பட்டினி கிடந்தனர். மக்கள் சிவில் உரிமைக் கழகம் தொடுத்த வழக்கில், அவ்வாண்டு நவம்பர் 28-இல் நீதிமன்றம் உணவுத் திட்டங்களைச் சட்டப்படியான உரிமைகளாக்கியது. அதே வழக்கின் தொடர்ச்சியாக 2010-இல், பெருநகரங்களில் ஒரு லட்சம் மக்களுக்கு ஓர் இரவுக் காப்பகம் என்ற அளவையும் வகுத்தது.

ஆனால் ஒரு முடிச்சு அவிழவில்லை. ரேஷன் அட்டைக்கு முகவரி வேண்டும். தமிழ்நாட்டு விதிப்படி, அட்டை கோரும் குடும்பத்துக்குத் தனிச் சமையலும் இருக்கவேண்டும். பாலத்தடியில் படுத்திருப்பவருக்கு அடுப்பு ஏது? அரிசியே கையில் கிடைத்தாலும் அதை எங்கே பொங்குவார்? அவருக்கு வேண்டியது சமைத்த சோறு. 2011-இல் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட உணவுப் பாதுகாப்பு மசோதா இதை உணர்ந்திருந்தது. ஆதரவற்றோருக்கு நாள்தோறும் ஒருவேளை இலவச உணவும், வீடற்றோருக்குச் சமூகச் சமையற்கூடங்களில் எளிய விலையில் உணவும் உரிமையென அது கூறிற்று. 2013-இல் சட்டம் நிறைவேறியபோது அப்பிரிவுகள் அதில் இல்லை. வயலோரத்துக் கதிர்கள் மீண்டும் அறுக்கப்பட்டுவிட்டன.

பெருந்தொற்றுக் காலத்தில், 2021-இல், அடையாள அட்டை கேளாமல் புலம்பெயர் தொழிலாளருக்கு உணவுப்பொருள் வழங்கவும், சமூகச் சமையற்கூடங்கள் நடத்தவும் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. நாடெங்கும் நிரந்தரச் சமையற்கூடங்கள் வேண்டுமென்ற வேறொரு வழக்கிலோ, 2024 பிப்ரவரியில், அதனை அரசுகளின் முடிவுக்கே விட்டுவிட்டது.

நம் நகரில் வழிகள் இல்லாமலில்லை. ஸ்ரீரங்கம் கோயிலில் 2012 முதல் நாள் முழுவதும் அன்னதானம் நடைபெறுகிறது. 2013-இல் இங்கும் வந்த அம்மா உணவகங்களில் இட்லி ஒரு ரூபாய், சாம்பார் சாதம் ஐந்து ரூபாய் என்று விலை வைக்கப்பட்டது. இவற்றுக்காக நன்றி சொல்வோம். ஆயினும் இவை அரசாணையாலும் நன்கொடையாலும் நடப்பவை. நின்றுபோனால் கேட்பதற்குப் பசித்தவரிடம் சட்டம் இல்லை.

அன்பானவர்களே, ஞாயிறுதோறும் நாம் வழங்கும் உணவுப் பொட்டலங்கள் தொடரட்டும். கொடுக்கும்போது பெறுகிறவரைப் படம் பிடியாதிருங்கள். அவர் பெயரைக் கேளுங்கள். அட்டையில்லாத ஒருவருக்கு மனு எழுதித் தாருங்கள். அலுவலகத்துக்கு உடன் செல்லுங்கள். உங்களிடம் வாக்குக் கேட்டு வருவோரிடம், விடுபட்ட அந்தப் பிரிவுகளைப் பற்றி விசாரியுங்கள். தலைசாய்க்க இடமின்றி ஊழியம் செய்த நம் ஆண்டவர், தம்மைப்போல் வீதியில் இரவைக் கழிப்போருக்காகப் பேசும் நாவை நமக்குத் தந்தருள்வாராக. ஆமென்.