தைமூர் குலத்துச் சீலையும் திருத்திய கரங்களும்

சில ஆண்டுகளுக்கு முன் நம் கல்லூரியின் வரலாற்று வகுப்பிலே ஓர் ஓவியத்தின் அச்சுப் பிரதியைக் காட்டினோம். தோட்டத்தின் நடுவே மண்டபம் ஒன்று. அதில் ஹுமாயூன் வீற்றிருக்கிறார். சுற்றிலும் தைமூரின் வழித்தோன்றல்கள். அக்பரும் ஜஹாங்கீரும், குர்ரம் எனும் ஷாஜஹானும் அதே அவையில் காட்சி தருகின்றனர். பின்வரிசையிலிருந்து ஒரு மாணவர் எழுந்தார். "ஹழ்ரத், ஹுமாயூன் 1556இல் மரணமடைந்தார் என்று சென்ற வாரம் சொன்னீர்கள். ஷாஜஹான் பிறந்தது 1592இல். கொள்ளுப்பேரனை அவர் எங்கே சந்தித்தார்?"

வகுப்பு சிரித்தது. நம்மால் சிரிக்க இயலவில்லை. இக்கேள்வி மனத்தில் எழாமலே அப்படத்தைப் பல்லாண்டு பார்த்து வந்தவர்களில் நாமும் ஒருவர்.

பருத்திச் சீலைமீது தீட்டப்பட்ட அவ்வோவியம் நீளமும் அகலமும் ஒரு மீட்டரைச் சற்றே தாண்டும். 1913இல் லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தை அடைந்தது. ஹுமாயூனின் ஆணைப்படி ஏறத்தாழ 1550க்கும் 1555க்கும் இடையே அது வரையப்பட்டதென்பர். வரைந்தவர் அப்துஸ் ஸமதா, மீர் ஸையித் அலியா என்பதில் ஆய்வாளரிடையே இரு கருத்துகள் உண்டு. இருவருமே ஹுமாயூன் ஈரானில் தஞ்சம் புகுந்தபின் அவரிடம் பணிக்கு வந்த பாரசீகக் கலைஞர்கள்.

1540இல் ஷேர்ஷாவிடம் தோற்று நாட்டை இழந்தவர் ஹுமாயூன். ஸஃபவி மன்னர் தஹ்மாஸ்பின் உதவியை நாடிச் சென்று, காபூலில் காலூன்றி, டில்லியை மீட்க 1555 வரை காத்திருந்தவர். அத்தகையவருக்குத் தம் முன்னோரை ஒரே அவையில் அமர்த்திக் காட்டும் ஓவியம் வெறும் அலங்காரமன்று, ஆட்சியுரிமைப் பத்திரம். அதனாற்றான் உருவங்களின் அருகே பெயர்களும் எழுதப்பட்டன போலும்.

பத்திரம் கைமாறியது. ஜஹாங்கீர் காலத்திலும் அதையொட்டிய ஆண்டுகளிலும் அச்சீலை மீண்டும் ஓவியர் கைக்குச் சென்றது. முகங்கள் சில திருத்தப்பட்டன. ஹுமாயூன் கண்ணால் கண்டிராத மகனின் மகனும், அவரின் மகனும் அவையிலே இடம்பெற்றனர். ஷாஜஹான் தம்மை 'இரண்டாம் ஸாஹிபே கிரான்' என அழைத்துக் கொண்டவர். முதலாமவர் தைமூர். அப்பட்டத்துக்கும் இச்சேர்க்கைக்கும் உள்ள உறவைத் தனியே விளக்க வேண்டியதில்லை.

உயிருள்ளவற்றின் உருவத்தை வரைவது பற்றிய மார்க்கத் தீர்ப்பு ஃபுகஹாக்களின் நூல்களில் விரிவாக உண்டு. அது இங்கு நம் பொருளன்று. நாம் பேசுவது வரலாற்றுச் சான்றைப் பற்றி.

அக்கால ஓவியம் ஒருவர் தனித்திருந்து தம் விருப்பப்படி தீட்டியதன்று. பணி கொடுத்தவரின் கண் தொடக்கம் முதலே அதன்மீது இருந்தது. ஹிராத்தில் தைமூரின் பேரர் பைசுங்குரின் கிதாப்கானாவிலிருந்து எழுந்த விண்ணப்ப அறிக்கை ஒன்று இஸ்தான்புல் தோப்காபி அரண்மனைத் தொகுப்பேடு ஒன்றில் கிடைத்துள்ளது. ஹிஜ்ரி ஒன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியைச் சேர்ந்த அதனை எழுத்தணிக் கலைஞர் ஜஅஃபர் தப்ரீஸியின் அறிக்கை என்பர். எந்த நூல் எந்த நிலையில் உள்ளது, யார் எதைச் செய்கிறார் என இளவரசருக்கு அது தெரிவிக்கிறது. குலிஸ்தானில் கடல் வரும் இரு காட்சிகளில் ஒரு கட்டம் முடிந்தது, இனி வண்ணம் தீட்டப்படும் என்கிறது. ஷாஹ்நாமாவில் இருபத்தைந்தாயிரம் பைத்துகள் எழுதப்பட்டுவிட்டன என்கிறது. அந்நூலின் முகப்பை வடிவமைக்கும் மௌலானா அலீக்குச் சில நாட்கள் கண்வலி என்றும் சொல்கிறது. அறுநூறாண்டு கழித்து அவ்வரியைப் படிக்கையில், தாமதத்துக்குக் காரணம் சொல்லி நிற்கும் மனிதரின் முகமே நமக்குத் தெரிகிறது.

அக்பரின் அரண்மனையிலோ வாரந்தோறும் ஓவியங்கள் மன்னர் பார்வைக்கு வந்தன. வேலையின் தரத்துக்கேற்ப வெகுமதியும் ஊதிய உயர்வும் வழங்கப்பட்டன என ஆயினே அக்பரி கூறுகிறது. லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்திலுள்ள அக்பர்நாமாவின் 116 ஓவியங்களில் பலவற்றின் அடியில், தர்ஹ் என்னும் கோட்டமைப்பு ஒருவர் பெயரிலும் அமல் என்னும் வண்ண வேலை மற்றொருவர் பெயரிலும் குறிக்கப்பட்டுள்ளன. முகத்தை மட்டும் மூன்றாமவர் எழுதியதுமுண்டு. சீலையைத் திருத்தியவர்களோ இப்படிக் கணக்கு வைத்துச் செல்லவில்லை.

ஹதீஸ் கலை பயின்றோர்க்கு 'முத்ரஜ்' என்ற சொல் புதிதன்று. அறிவிப்பாளர் ஒருவரின் சொந்தச் சொல், பிரித்தறியும் அடையாளமின்றி மூலத்தோடு கலந்துவிடுவது அது. கதீப் பக்தாதி (மறைவு ஹிஜ்ரி 463) இதற்கென்றே தனிநூல் இயற்றினார். பிற வழிகளில் வந்த அறிவிப்புகளோடு ஒப்பிட்டு, எது மூலம், எது கலப்பு என முஹத்திஸ்கள் பிரித்தார்கள். புனிதக் கலையை மன்னர்களின் சீலையோடு சமமாக்குவது நம் நோக்கமன்று. முறையை மட்டுமே கடன் கேட்கிறோம். சீலையிலும் அவ்வாறு பிரிக்க இடமுண்டு. ஹுமாயூன் காலத்துப் பாரசீக மரபு முகங்களை முக்கால் பக்கமாகத் திருப்பிக் காட்டும். ஜஹாங்கீர் காலத்து உருவப்படங்களிலோ பக்கவாட்டு முகமே வழக்கம். தலைப்பாகையின் அமைப்பும் தலைமுறைக்குத் தலைமுறை மாறியது. பிறந்த, இறந்த ஆண்டுகளோ எவரும் மறுக்கவியலாத சாட்சிகள்.

பிற்சேர்க்கை யாவும் மோசடி என்றும் சொல்லிவிட முடியாது. 1595இல் முடிந்த நிஸாமியின் கம்ஸாப் பிரதியொன்று பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளது. அதை எழுதிய அப்துர் ரஹீம் 'அம்பரீன் கலம்' அவர்களும் ஓவியர் தௌலத்தும் எதிரெதிரே அமர்ந்து பணிபுரியும் படத்தை, ஜஹாங்கீர் தம் ஆணையால் அந்நூலின் இறுதிப் பக்கத்தில் சேர்க்கச் செய்தார். கூலிக்கு எழுதியவரின் முகம் நமக்குக் கிடைத்தது அத்திருத்தத்தாலேயே. எனினும் அது 1595இன் சான்றன்று, ஜஹாங்கீர் ஆட்சியின் சான்று. சீலையின் அக்பரையும் ஷாஜஹானையும் அவ்வாறே வாசித்தல் தகும்: ஹுமாயூன் அவை எப்படியிருந்தது என்பதை அவர்களிடம் கேட்கலாகாது, பேரர்கள் அந்த அவையை எப்படி விரும்பினர் என்பதைக் கேட்கலாம்.

மறுவாரம் அந்த மாணவர் அச்சுப் பிரதியைக் கேட்டு வாங்கிச் சென்றார். திருப்பித் தந்தபோது ஒவ்வோர் உருவத்தின் கீழும் பென்சிலால் பிறந்த ஆண்டும் இறந்த ஆண்டும் எழுதப்பட்டிருந்தன. மூன்று பேருக்கு மட்டும் அவர் கேள்விக்குறி இட்டிருந்தார்.