வட்டிலின் அடியில் ஒரு பெயர்

ஈச்சிலம்பற்றுக்கு வடக்கே கொட்டியாரக்குடா. 1660இல் அங்கே கண்டியரசன் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்களிடம் சிறைப்பட்ட ஆங்கிலேயருள் றொபேட் நொக்ஸும் ஒருவர். 19 ஆண்டுகளின்பின் தப்பியோடி, 1681இல் இலண்டனில் வெளியிட்ட நூலில், கண்டி இராச்சியத்துச் சாதாரண குடிகளின் வீட்டுச் சாமான்களையும் அவர் எண்ணிச் சொல்லியிருக்கிறார். உறியில் தொங்கும் மண்சட்டிகள் சில. உண்பதற்குப் பித்தளை வட்டில் ஒன்றோ இரண்டோ. அரசர் வரிசை எழுதுவோர் கண்ணில் இதெல்லாம் படுவதில்லை.

மண்சட்டி உடைந்தால் இன்னொன்று வாங்கலாம். வட்டில் அப்படியல்ல. நெளிந்தால் தட்டி நிமிர்த்துவார்கள், பழப்புளியால் மினுக்குவார்கள். (புளிக்கறியை மட்டும் அதில் வைக்கமாட்டார்கள், களிம்பேறும்.) அம்மம்மாவிடமிருந்து பேத்திக்குப் போகும். அடியில் புள்ளி புள்ளியாகக் கொத்திய பெயர், சிலவேளை ஒரு குடும்பத்துக்கு எஞ்சிய ஒரே எழுத்துச் சான்று.

ஈச்சிலம்பற்றுக்கு 2004இல் ஆழிப்பேரலை வந்தது. 2006இல் போரால் இடப்பெயர்வு. கையில் அகப்பட்டதோடு வாகரைப் பக்கம் ஓடிய சனத்தின் மூட்டையில் எத்தனை வட்டில்களுக்கு இடமிருந்திருக்கும்?

தப்பியவற்றைப் பழம்பித்தளை வாங்குவோர் நிறுத்துத்தான் விலை சொல்வார்கள். சேகரிப்போர் மினுக்கிக் கண்ணாடி அலுமாரியில் வைக்கிறார்கள். மினுக்க மினுக்கப் பெயர் தேய்கிறது. கொடுப்பதற்குமுன் வட்டிலைக் கவிழ்த்து, அந்தப் பெயரை ஒரு கொப்பியில் எழுதிவையுங்கள்.