கூலிப் பறிப்பும் கட்டணப் பறிப்பும்: இங்கிலாந்தின் கிராமிய ஏக்கம் பண்டமான வரலாறு பற்றிச் சில குறிப்புகள்

கிராமத்தை நோக்கிய ஏக்கம் நகரவாசிக்கு இயல்பானது என்றும், எக்காலத்தும் எவ்விடத்தும் ஒரே தன்மையுடையது என்றும் கொள்ளும் கருத்து இலக்கிய வரலாற்று நூல்களிற் பரவலாகக் காணப்படுகிறது. கிரேக்கக் கவிஞர் தியோகிரிற்றசின் ஆயர் பாடல்கள் முதல் இன்றைய ஞாயிற்றுக்கிழமைப் பண்ணை உலா வரை ஒரே உணர்ச்சியே தொடர்ந்து வருகிறது என்பர். 1973ஆம் ஆண்டு வெளியான 'நாட்டுப்புறமும் நகரமும்' என்னும் நூலில் றேமண்ட் வில்லியம்ஸ் இக்கருத்தைக் கேள்விக்குட்படுத்தினார். ஒவ்வொரு தலைமுறையும் தனக்குச் சற்று முந்திய தலைமுறையிலேயே பழைய நல்ல கிராமம் அழிந்தது எனக் கூறுவதையும், பின்னோக்கிச் செல்லச் செல்ல அக்கிராமம் எங்குமே கைக்கு அகப்படாது போவதையும் அவர் எடுத்துக்காட்டினார். ஏக்கம் எவ்வாறு பாடப்பட்டது என்பதே பெரும்பாலும் அவரது ஆய்வுப் பொருள். அது எவ்வாறு விற்கப்பட்டது என்னும் வினாவை நாம் இவ்விடத்து எழுப்ப விரும்புகிறோம்.

விற்பனைக்கு முன் பறிமுதல் நிகழ்ந்தது. 1750க்கும் 1850க்கும் இடையில் ஏறத்தாழ 4,000 அடைப்புச் சட்டங்களைப் பிரித்தானியப் பாராளுமன்றம் நிறைவேற்றியது. பொதுநிலங்கள் வேலியிடப்பட்டன, மேய்ச்சல், விறகு, கதிர் பொறுக்கல் ஆகிய வழக்காற்று உரிமைகள் பலவிடத்தும் இல்லாதொழிந்தன. மார்க்ஸ் 'மூலதனம்' முதற் பாகத்தின் இறுதிப் பகுதியில் ஆதித் திரட்சி என வருணிக்கும் நிகழ்முறையின் ஒரு கட்டம் இது. 1851ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பில் நகரவாசிகள் தொகையில் முந்திக்கொண்டனர். அடைப்பு தீவிரமடைந்த காலமே நாட்டுப்புறக் கவிதையின் செழிப்புக் காலமுமாகும் என்பது மனங்கொள்ளத்தக்கது. கோல்ட்ஸ்மித்தின் 'கைவிடப்பட்ட கிராமம்' 1770இலும், ஆயர் மரபின் இனிப்பை மறுத்து எழுந்த ஜோர்ஜ் கிரப்பின் 'கிராமம்' 1783இலும் வெளியாயின. அதே 1783இல் வேர்செயில்ஸ் அரண்மனைத் தோட்டத்தில் மரீ அந்துவானெத்துக்காகச் சிறு கிராமம் ஒன்று கட்டத் தொடங்கப்பட்டது. அங்கே உண்மையான பண்ணையும் இருந்தது. அதனை நடத்த ஒரு விவசாயி அமர்த்தப்பட்டிருந்தார். குடும்பத்தோடு பண்ணைக்கு உலாப் போதல் என்பதன் அரச வடிவம் அது. உழைப்பு ஒருவருடையது, காட்சி இன்னொருவருடையது என்னும் பிரிவினை அங்கு மறைப்பின்றி நிற்கிறது.

ஆயினும் அரசியர், கவிஞர் ஆகியோரின் ஏக்கத்தை விட, நிலத்திலிருந்து அகற்றப்பட்டோரின் சந்ததியார் நாட்டுப்புறத்தை எவ்வாறு மீளச் சென்றடைந்தனர் என்பதே நமக்கு முக்கியமானது. இதற்குக் கென்ற் மாவட்டத்தின் ஹொப் அறுவடை தக்க சான்று. ஹொப் என்பது பியருக்குக் கசப்பும் மணமும் தரும் பூக்களையுடைய கொடி. ஆண்டு முழுவதும் சிலர் பராமரிக்கப் போதுமான இப்பயிருக்குச் செப்டெம்பரில் மூன்று நான்கு வாரங்களுக்கு மட்டும் பல்லாயிரம் கைகள் வேண்டியிருந்தன. அக்கைகள் கிழக்கு லண்டனிலும் தென் லண்டனிலுமிருந்து வந்தன. பெரும்பாலும் பெண்களும் பிள்ளைகளும் முதியோரும். லண்டன் பிறிட்ஜ் நிலையத்திலிருந்து நள்ளிரவு கழிந்தபின் புறப்படும் சிறப்புப் புகைவண்டிகளில் பானை சட்டி, படுக்கை, கைக்குழந்தை சகிதம் அவர்கள் பயணம் செய்தனர். துறைமுகத்திலோ தொழிற்சாலையிலோ வேலை செய்த ஆடவர் வார இறுதியில் வந்து சேர்ந்தனர். பாடசாலைகள் தொடங்கியும் பிள்ளைகள் திரும்பாத நிலை ஆண்டுதோறும் ஆசிரியர்களின் முறைப்பாடாக இருந்தது.

இதனை அவர்கள் விடுமுறை என்றே அழைத்தனர். ஊதியத்துடனான விடுமுறைச் சட்டம் 1938இலேயே வந்தது. அதற்கு முன் ஏழைத் தொழிலாளர் குடும்பமொன்றுக்குப் புகைமண்டலத்தை விட்டு வெளியேற வேறு வழிகள் அரிது. ஆனால் அது கூலிவேலை. தகரக் கொட்டில்களிலோ தொழுவங்களிலோ வைக்கோற் படுக்கை. பறித்த பூ புசல் கணக்கில் அளக்கப்பட்டது. ஒரு சிலிங்குக்கு எத்தனை புசல் என்பதே பருவத்தின் தலையாய பிரச்சினை. அதன் பொருட்டுப் பருவத் தொடக்கத்தில் வேலைநிறுத்தங்கள் எழுந்தன. அளப்பவர் பூவை அழுத்தி அமுக்கி அளக்கிறார் என்பது தொடர்ந்த குற்றச்சாட்டு. கூலி உடனுக்குடன் பணமாகக் கிடைக்கவில்லை. அடையாள வில்லைகளாகவோ ஏட்டுக் கணக்காகவோ நின்று பருவ முடிவிலேயே தீர்க்கப்பட்டது. 1931இல் கென்ற்றில் ஹொப் பறித்த ஜோர்ஜ் ஓர்வெல், வேலைநீக்கப்படுவோருக்குக் குறைந்த வீதத்திற் கணக்குத் தீர்க்கும் பண்ணை விதியைப் பதிவு செய்துள்ளார். உள்ளூரார் இவர்களை அந்நியர் என்றனர். கடைக்காரர் சிலர் பொருள்களுக்கு முன் கம்பிவலை கட்டினர்.

உயிரிழப்புகளும் நேர்ந்தன. 1849இல் ஈஸ்ற் பார்லியில் 43 பறிப்பாளர் கொலராவுக்குப் பலியாயினர். 1853இல் ஹாற்லேக் மரப்பாலத்தில் அவர்களை ஏற்றிச்சென்ற வண்டி மெட்வே ஆற்றுட் கவிழ்ந்து 30 பேர் மூழ்கினர். இத்தகைய வாழ்க்கைக்குள்ளேதான் ஸ்ரெப்னிக் குருவானவர் றிச்சட் வில்சன் 1890களில் ஐந்து ஓக் கிரீன் என்னுமிடத்தில் பறிப்பாளர் பிள்ளைகளுக்கான சிறு மருத்துவமனையைத் தொடங்கினார்.

இவ்வளவும் இருக்க, அப்பெண்கள் அக்காலத்தை அன்போடு நினைவுகூர்ந்தனர். கில்டா ஓ'நீல் 1990இல் வெளியிட்ட வாய்மொழி வரலாற்று நூல் இதற்குச் சான்று. இங்கே நம்மவர் பலர் அவசரப்படுகின்றனர். சுரண்டப்பட்டோர் சுரண்டலை இனிமையாக நினைத்தால் அது போலிப் பிரக்ஞை எனக் கூறி ஏட்டை மூடிவிடுவது எளிது. அது மார்க்சிய ஆய்வாகாது, சோம்பலாகும். அப்பெண்கள் நினைந்து ஏங்கியது கென்ற்றின் இயற்கை எழிலை மட்டுமன்று. கணவன் அருகில் இல்லாத வாரநாள்கள், தம் கையிற் சேரும் சொந்தக் கூலி, தெருவே பெயர்ந்து வந்தாற்போன்ற அயலவர் கூட்டம், பொதுத் தீமூட்டிச் சமைத்த இரவுகள் இவையே அவர்தம் நினைவில் நின்றன. வீட்டுவேலையும் கூலிவேலையும் பெண்ணை இருபுறமும் நெருக்கிய நகரத்திற் கிட்டாத ஒரு கூட்டு வாழ்வு, கூலி உழைப்பின் கடுமைக்குள்ளேயே குறுகிய காலம் கிட்டியது. ஏக்கத்தின் உள்ளடக்கம் சமூக உறவு. கிராமம் அதன் களம் மட்டுமே. 1932 ஏப்ரிலில் கிண்டர் ஸ்கவுற் மேட்டுநிலத்தில் நானூறுபேர் வரையான தொழிலாளர் அத்துமீறி நுழைந்து, அவர்களுள் ஐவர் சிறை சென்றதையும் இதனோடு சேர்த்து நோக்குதல் வேண்டும். அங்கே அதே ஏக்கம் நிலவுடைமைக்கு எதிரான கோரிக்கையாயிற்று.

இரண்டாம் உலகப்போருக்குப் பின் நிலைமை மாறியது. 1950களில் ஹொப் பறிக்கும் இயந்திரங்கள் பரவின. 1960களின் இறுதியளவில் கைப்பறிப்பு ஏறக்குறைய முடிவுற்றது. குடும்பங்களின் வருகை நின்றது. அதே தசாப்தங்களில் தனியார் மோட்டார் வண்டி பெருகிற்று. கூலியாள் கிடைக்காமலும் பழத்தைச் சந்தைக்கு ஏற்றும் செலவைத் தாங்காமலும் இருந்த விவசாயிகள் 'நீங்களே பறியுங்கள்' என வீதியோரம் பலகை நாட்டினர். ஸ்ரோபெரி வயலுக்குள் குடும்பங்கள் மீண்டும் குனிந்தன. இம்முறை கூலி வாங்கவில்லை, விலை கொடுத்தன. விவசாயிக்குக் கூலிச் செலவும் போக்குவரத்துச் செலவும் மிச்சம். நுகர்வோனுக்கோ உழைப்பே பொழுதுபோக்கு. 1971இல் ஜோ ஹென்சன் அருகிவரும் கால்நடை இனங்களைக் காக்கும் நோக்குடன் கொற்ஸ்வோல்ட் பண்ணைப் பூங்காவைத் திறந்தார். அவரது நோக்கத்தைக் குறைகூற வேண்டியதில்லை. எனினும், பண்ணையின் விளைபொருளுக்கன்றிப் பண்ணையின் காட்சிக்குக் கட்டணம் அறவிடும் முறை அதன்வழி நிலைபெற்றது.

இம்மாற்றத்தை ஓரிடத்தில் ஒருங்கே காண விரும்புவோர் பெல்ட்ரிங்கை நோக்கலாம். விட்பிறெட் மதுவடிப்பு நிறுவனம் அங்கே பெரும் ஹொப் பண்ணை ஒன்றை நடத்தியது. பருவந்தோறும் லண்டன் குடும்பங்கள் வந்திறங்கிய இடம் அது. பூ உலர்த்தும் கூம்புக் கூரைக் கட்டடங்கள் அங்கே வரிசையாக நிற்கின்றன. கைப்பறிப்பு ஒழிந்தபின் அவ்விடம் நுழைவுக் கட்டணத்துடன் கூடிய குடும்பப் பூங்காவாக்கப்பட்டது. பாட்டி கூலி பெற்ற களத்தில் பேரன் சீட்டு வாங்கினான். உற்பத்தியிலிருந்து நீங்கிய கட்டடம் தன் கடந்தகாலத்தையே பண்டமாக்கிக்கொண்டது. அளவுகாரரின் அழுத்தும் கையோ கூலித் தகராறோ அக்காட்சிப்பொருளின் கவர்ச்சியை வளர்ப்பன அல்ல.

இத்தோற்றப்பாடு இங்கிலாந்துக்கு மட்டும் உரியதன்று. நமது மலையகத்தில் சில சுற்றுலா விடுதிகள் விருந்தினருக்குத் தோட்டப் பெண்களின் உடையணிவித்து, கூடை மாட்டிக் கொழுந்து பறிக்கும் அனுபவத்தை வழங்குகின்றன. அக்கூடையை நாள்தோறும் சுமப்போர் 1,000 ரூபா நாட்சம்பளத்தைப் பெற 2021 வரை ஆண்டுக்கணக்காகப் போராட நேர்ந்தது. கென்ற்றில் ஒரு தலைமுறை இடைவெளியில் நிகழ்ந்தது இங்கே ஒரே சரிவில், ஒரே காலையில் நிகழ்கிறது.

கென்ற்றிலும் கூலிப் பறிப்பு மறைந்துவிடவில்லை என்பதையும் கூறுதல் வேண்டும். ஹொப்பை இயந்திரம் பறிக்கலாம். ஸ்ரோபெரியை இன்றும் பெரும்பாலும் கையே பறிக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரித்தானியா விலகும் காலத்தில், 2019இல், 2,500 பேருடன் தொடங்கிய பருவகாலத் தொழிலாளர் விசாத் திட்டம் 2023இல் 45,000 பேர் வரை அனுமதித்தது. நேபாளம், இந்தோனேசியா, கிர்கிஸ்தான் முதலிய நாடுகளிலிருந்து இவர்கள் வருகின்றனர். கென்ற் பண்ணையொன்றுக்கு வந்த இந்தோனேசியத் தொழிலாளர் தம் நாட்டுத் தரகருக்குப் பெருந்தொகை கடன்பட்டே வந்திருந்தமை 2022இல் பத்திரிகைகளில் வெளியாயிற்று. இவர்கள் தங்குவது வண்டிவீடுகளில். இவர்களது வேகம் கிலோ கணக்கில் அளக்கப்படுகிறது. கட்டணம் செலுத்திப் பறிக்கும் குடும்பங்களுக்கான வயல் வீதியோரத்தில் இருக்கும். இவர்களது பிளாத்திக்குக் கூடாரங்கள் அதற்கு அப்பால், வேலியின் மறுபுறம் உள்ளன.