இருட்டறையின் சொற்கள்

1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் சென்னையில் தொடங்கிய கலைப்பள்ளிக்குச் சரித்திரம் உண்டு. விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் மாடியறைகளில் நாலைந்து கம்ப்யூட்டர்களை வைத்து போட்டோஷாப் கற்பித்தவர்களுக்கும் ஒன்று உண்டு என்று நமக்குத் தோன்றவில்லை.

1990இல் வெளிவந்த அந்த மென்பொருள் தன் சொற்கள் சிலவற்றை இருட்டறையிலிருந்தே எடுத்துக்கொண்டது. 'டாட்ஜ்' என்பது தாளில் விழும் ஒளியைக் கையால் மறைத்து வெளிறவைப்பது. 'பர்ன்', கூடுதல் ஒளி விட்டுக் கறுக்கவைப்பது. மாடியறையில் படித்தவர்கள் மௌஸை நகர்த்தி இதைச் செய்தார்கள். மறைத்த கையை அறியார்கள். கல்யாண ஆல்பமும் ஃப்ளெக்ஸ் பேனரும் அவர்களுக்குச் சோறு போட்டன. அதே ஃப்ளெக்ஸால் சுவரெழுத்துக்காரரின் தூரிகை ஓய்ந்தது.

இதை வீழ்ச்சி என்று சொல்ல எனக்கு மனமில்லை. ஹண்டரின் பள்ளியும் கைத்தொழிலிலிருந்துதான் பணிக்கர் காலத்து ஓவியத்துக்கு வந்து சேர்ந்தது. ஆனால் கருவியின் பூர்வீகத்தைச் சொல்லித்தராத அறையிலிருந்து ஆபரேட்டர்கள்தான் வருவார்கள்.