கையொப்பத்திற்கும் ஏற்புறுதிக்கும் இடையில்: சித்திரவதை எதிர்ப்பு உடன்படிக்கையும் இந்திய அரசும்

சித்திரவதைக்கு எதிரான ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையில் இந்தியா 1997 அக்டோபர் 14 அன்று கையொப்பமிட்டது. 170க்கும் மேற்பட்ட நாடுகள் அதனால் கட்டுண்ட பின்னரும் இந்தியா ஏற்புறுதி அளிக்கவில்லை. உள்நாட்டுச் சட்டம் முதலில் இயற்றப்பட வேண்டும் என்பதே அரசு கூறிவந்த காரணம். அக்காரணம் வரலாற்றின் முன் நிற்குமா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

சித்திரவதை குறித்து இந்தியாவில் எழுந்த விரிவான அரசு ஆவணங்களுள் தொன்மையான ஒன்று சென்னை மாகாணத்திற்குரியது. 1854இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் எழுந்த விவாதத்தைத் தொடர்ந்து எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் ஆகிய மூவர் கொண்ட ஆணையம் அமைக்கப்பட்டு, 1855இல் அறிக்கை அளித்தது. வரி நிலுவையை வசூலிக்கவும் குற்ற ஒப்புதல் பெறவும் கையாளப்பட்ட முறைகளை அது பதிவு செய்தது. இரு கட்டைகளுக்கிடையே உடலுறுப்பை வைத்து நெரிப்பது கிட்டி. கழுத்தையும் காலையும் கயிற்றால் பிணைத்துக் குனிந்தவாறே நிறுத்தி வைப்பது அண்ணாந்தாள். வரிவசூலும் காவல் அதிகாரமும் தாசில்தார் ஒருவரிடமே குவிந்திருந்ததை ஆணையம் கண்டித்தது. 1859ஆம் ஆண்டுக் காவல் சட்டம் இதன் தொடர்ச்சியே. ஐரோப்பிய அதிகாரிகளைப் பழியிலிருந்து விடுவித்ததில் ஆணையத்தின் சார்பு வெளிப்படையானது. எனினும் பாதிக்கப்பட்டவர் நீதி பெறுவதிலிருந்த இடர்ப்பாட்டை அது மறைக்கவில்லை.

1860ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 330ஆம் பிரிவு, ஒப்புதலுக்காகக் காயப்படுத்துவதைக் குற்றமாக்கியது. அதன் எடுத்துக்காட்டுகளில் காவல் அதிகாரியோடு வருவாய் அதிகாரியும் இடம்பெறுவது கருதத்தக்கது. இருக்கும் சட்டமே போதும் என்போர் சுட்டுவது இப்பிரிவைத்தான். ஆனால் குற்றத்தை வரையறுப்பது வேறு, குற்றம் புரிந்த அதிகாரியை நீதிமன்றத்தில் நிறுத்துவது வேறு. பின்னதற்குக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 197ஆம் பிரிவு அரசின் முன் அனுமதியைக் கோரியது. சித்திரவதை அலுவல் கடமையாகுமா என்ற வாதத்திலேயே வழக்குகள் தேங்குவதற்கு அது இடமளித்தது.

உள்நாட்டுச் சட்டம் முந்த வேண்டும் என்ற வாதத்தை அரசின் சொந்த நடைமுறையே மறுக்கிறது. குடிமை, அரசியல் உரிமைகளுக்கான பன்னாட்டு உடன்படிக்கையை இந்தியா 1979இல் ஏற்றது. மனித உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் வந்ததோ 1993இல். சட்டவிரோதக் கைதுக்கு இழப்பீடு வழங்கும் கடப்பாட்டை மட்டும் அப்போது அரசு விலக்கிக்கொண்டது, 1996இல் டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் அவ்விலக்கு பொருளிழந்துவிட்டதென்று கூறியது. எனவே தயக்கம் சட்ட வரிசை பற்றியதன்று. அதிகாரியின் பொறுப்பு பற்றியது எனக் கொள்வதே பொருந்தும்.

2010ஆம் ஆண்டுச் சித்திரவதைத் தடுப்பு மசோதா இதற்குச் சான்று. மக்களவை நிறைவேற்றிய வடிவம் முன் அனுமதியைக் கட்டாயமாக்கியதுடன், முறையிட ஆறு மாதக் கெடுவும் விதித்தது. மாநிலங்களவையின் தேர்வுக் குழு இவற்றைத் தளர்த்தப் பரிந்துரைத்தது. மசோதாவோ 2014இல் காலாவதியானது. 2017இல் சட்ட ஆணையம் தன் 273ஆம் அறிக்கையில் ஏற்புறுதியை வலியுறுத்தி வரைவுச் சட்டமும் இணைத்தது. 2019இல் உச்ச நீதிமன்றம், சட்டமியற்றுமாறு நாடாளுமன்றத்திற்கு ஆணையிட மறுத்தது.

ஏற்புறுதி தன்னளவில் மருந்தாகாது. இலங்கை 1994இல் உடன்படிக்கையை ஏற்று, அதே ஆண்டில் 22ஆம் இலக்கச் சட்டத்தையும் இயற்றியது. ஆயினும் அங்குத் தடுப்புக்காவல் சித்திரவதைப் புகார்கள் ஓயவில்லை. ஆனால் ஏற்காமையின் விலை இந்திய அரசின் மீதே விழுந்துள்ளது. 1995ஆம் ஆண்டுப் புருலியா ஆயுத வீச்சு வழக்கில் தேடப்பட்டவரை ஒப்படைக்க டென்மார்க் நீதிமன்றம் 2011இல் மறுத்தது. சித்திரவதைக்கு உள்ளாகும் அபாயமே அது கூறிய காரணம்.

2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 218ஆம் பிரிவின்படி, அரசு 120 நாள்களுக்குள் முடிவெடுக்காவிடில் அனுமதி வழங்கப்பட்டதாகவே கொள்ளப்படும். தேர்வுக் குழு 2010இல் கோரியவற்றுள் ஒன்று, உடன்படிக்கையின் பெயரே இன்றி, இவ்வாறு நுழைந்திருக்கிறது. அனுமதியை வெளிப்படையாக மறுக்கும் அதிகாரம் அரசிடமே உள்ளது.