துன்பத்தின் காவலர்: அயர்லாந்துத் திருச்சபையும் அரசியலும்

எல்லாம் வல்லவரும் எல்லையற்ற கருணையுடையவருமான ஒரு கடவுள் உளராயின், உலகில் துன்பம் ஏன் உளது என்னும் வினா மிகப் பழையது. கிரேக்கச் சிந்தனையாளர் எப்பிக்கூரஸின் பெயரோடு இணைத்துக் கூறப்படும் இவ்வினாவுக்கு இறையியலாளர் பலவாறு விடை பகர்ந்து வந்துள்ளனர். துன்பம் சோதனை என்றனர். பாவத்தின் சம்பளம் என்றனர். மறுமையில் மட்டுமே விளங்கும் மறைபொருள் என்றனர். கடவுள் நம்பிக்கையற்ற எமக்கு இவ்விடைகளுள் எதுவும் ஏற்புடைத்தன்று. எனினும், இவற்றைத் தருக்கத்தால் மறுத்ததோடு தன் பணி முடிந்துவிட்டதாகக் கருதும் நாத்திகம் வறட்டு நாத்திகமேயாகும். தருக்கத்தில் தோற்ற கருத்துக்கள் வரலாற்றில் பன்னெடுங்காலம் உயிர்வாழ்கின்றன. ஒரு குறிப்பிட்ட சமுதாயத்தில், ஒரு குறிப்பிட்ட காலத்தில், துன்பத்துக்குக் கூறப்பட்ட விளக்கம் யாருக்குப் பயன்பட்டது, எவ்வாறு அரசியல் அதிகாரமாக உருமாறியது என்பனவே நாம் இங்கு ஆராய முற்படும் வினாக்கள்.

கார்ல் மார்க்ஸ் 1844 இல் வெளியிட்ட ஹெகல் பற்றிய விமர்சன முன்னுரையில் மதத்தை அபினியோடு ஒப்பிட்டமையை யாவரும் அறிவர். அவ்வொப்புமைக்கு முன்னுள்ள வாக்கியங்களைப் படிப்போர் சிலரே. மதம் வெறும் ஏமாற்றுவித்தையன்று; துன்புறுவோரின் வாழ்நிலையே அதனை வேண்டி நிற்கின்றது என்பது அவர்தம் கருத்து. இதனை மனங்கொண்டு அயர்லாந்தின் வரலாற்றை நோக்குவோம்.

1841 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி அயர்லாந்தின் மக்கட்டொகை ஏறத்தாழ 81 இலட்சத்து 75 ஆயிரம். 1851 இல் அது 65 இலட்சத்து 52 ஆயிரமாகக் குறைந்தது. 1845 இலையுதிர் காலத்தில் உருளைக்கிழங்குப் பயிரைத் தாக்கிய நோய் அடுத்த ஆண்டில் விளைச்சலின் பெரும்பகுதியை அழித்தது. ஏறத்தாழப் பத்து இலட்சம் பேர் பட்டினியாலும் நச்சுக்காய்ச்சலாலும் மாண்டனர். அதே அளவினரோ அதற்கு மேற்பட்டோரோ கப்பலேறினர். பயிர்நோய் இயற்கையினது. ஆனால், ஒரு நாட்டின் ஏழை மக்கள் ஒரே கிழங்கை நம்பி உயிர்வாழ நேர்ந்தமை இயற்கையினதன்று. நல்ல நிலத்தில் விளைந்த தானியமும் வளர்ந்த கால்நடையும் குத்தகையைச் செலுத்தச் சந்தைக்குப் போயின. எஞ்சிய துண்டு நிலத்தில் விளைந்த கிழங்கே உழைப்பவனின் உணவாயிற்று. பஞ்சத்தின் நடுவிலும் ஏற்றுமதி தொடர்ந்தது. 1847 இல் இறக்குமதி ஏற்றுமதியை விஞ்சியது உண்மையே; ஆயின் வந்த சோளத்தை வாங்கப் பணமின்றியே மக்கள் மாண்டனர்.

இப்பேரழிவுக்கு ஆளும் வர்க்கம் கண்ட விளக்கம் எது? நிவாரணப் பணிகளைத் திறைசேரியிலிருந்து நெறிப்படுத்தியவர் சார்ள்ஸ் ட்ரெவெலியன். 1848 சனவரியில் 'எடின்பரோ றிவியூ' இதழில் வெளிவந்த 'அயர்லாந்து நெருக்கடி' என்னும் நீண்ட கட்டுரையில், ஞானமும் கருணையும் மிக்க தெய்வ சித்தம் அயர்லாந்தின் சமூகக் கேடுகளைக் களையச் செய்த காரியமாகப் பஞ்சத்தை அவர் கண்டார். தடையற்ற வர்த்தகக் கோட்பாடும் வேதாகமமும் இங்கு ஒரே குரலிற் பேசுகின்றன. (இதே ட்ரெவெலியன் 1859 இல் சென்னை மாகாணத்தின் ஆளுநராக வந்தார் என்பதைத் தமிழ் வாசகர் அறிந்திருத்தல் நன்று.) 1847 மார்ச் 24 ஆம் நாளை நோன்புக்கும் பாவமன்னிப்பு வேண்டுதலுக்குமுரிய நாளாக அரச பிரகடனம் அறிவித்தது. பசித்தோருக்காகப் புசிப்போர் ஒருநாள் நோன்பிருந்தனர்! அதே ஆண்டு சூனில் நிறைவேறிய வறியோர் சட்டத் திருத்தம், கால் ஏக்கருக்கு மேல் நிலம் வைத்திருப்போருக்கு நிவாரணம் இல்லை என விதித்தது. உணவா நிலமா என்னும் தெரிவுக்குள் தள்ளப்பட்ட குடியானவன் நிலத்தைக் கைவிட்டான். நிலப்பிரபு அதனை மேய்ச்சல் நிலமாக்கினான். இத்தனைக்கும், அவ்வாண்டு யூலையில் அரசின் கஞ்சித்தொட்டிகள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 30 இலட்சம் பேருக்கு உணவளித்தன. அரசால் இயலும் என்பது நிரூபணமான சில வாரங்களிலேயே அவை மூடப்பட்டன. தெய்வ சித்தம் பற்றிய விவாதத்தில் இந்த ஒரு செய்தி இறையியல் நூல்கள் பலவற்றிலும் கனமானது.

கத்தோலிக்கக் குருமார் இக்காலத்தில் நடந்துகொண்ட முறையை நேர்மையோடு கூறுதல் வேண்டும். காய்ச்சலுற்றோருக்கு இறுதி அருட்சாதனம் வழங்கச் சென்ற குருமார் பலர் அக்காய்ச்சலாலேயே இறந்தனர். டியூம் மறைமாவட்டப் பேராயர் ஜோன் மக்ஹேல் பிரதமர் றசலின் கொள்கையைப் பகிரங்கக் கடிதங்களிற் கண்டித்தார். மறுபுறம், கஞ்சியைக் காட்டி மதம் மாற்ற முனைந்த புரட்டஸ்தாந்துச் சங்கங்களும் இருந்தன. கஞ்சிக்காக மதம் மாறியவன் என்ற வசை அயர்லாந்துக் கிராமங்களிற் பல தலைமுறைகள் நிலைத்தது. ஆக, ஏழையின் பக்கம் நின்ற ஒரே நிறுவனமாகத் திருச்சபை மக்கள் நினைவிற் பதிந்தது. அந்நினைவு பொய்யானதன்று. பிற்கால அதிகாரம் அதன்மீது எழுந்தது என்பதே இங்கு முக்கியம்.

பஞ்சத்துக்கு முன்னர் அயர்லாந்துக் கத்தோலிக்கரிற் பெரும்பகுதியினர் ஞாயிறு பூசைக்கு ஒழுங்காகச் சென்றவரல்லர். புனித கிணறுகளும் சாவீட்டுச் சடங்குகளும் நாட்டார் நம்பிக்கைகளுமே அவர்தம் மதம். 1850 இல் தேர்ள்ஸ் நகரில் கூடிய ஆயர் மன்றமும், உரோமையிலிருந்து திரும்பிப் பின்னர் 1866 இல் கர்தினாலான போல் கலனின் தலைமையும் இந்நிலையை மாற்றின. இம்மாற்றத்தை வரலாற்றாசிரியர் எம்மெட் லார்க்கின் 1972 இல் எழுதிய கட்டுரையொன்றிற் 'பக்திப் புரட்சி' எனப் பெயரிட்டழைத்தார். 1850 அளவில் 1,500 ஆக இருந்த கன்னியாஸ்திரிகள் தொகை அந்நூற்றாண்டின் முடிவில் 8,000 ஐ எட்டியது; அவர்கள் சேவை செய்த மக்களோ அக்காலத்திற் பெரிதும் குறைந்துவிட்டனர். உளவியல் விளக்கம் மட்டும் இதற்குப் போதாது. பஞ்சத்தில் அழிந்தோர் கூலிவிவசாயிகளும் சிறு குடிகளும். எஞ்சி வளர்ந்தோர் முப்பது ஏக்கர், ஐம்பது ஏக்கர் வைத்திருந்த குத்தகை விவசாயிகள். குருமடங்களுக்குப் பிள்ளைகளை அனுப்பியோரும், கற்கோயில்களுக்குப் பணம் வழங்கியோரும் இவர்களே. நிலம் துண்டுபடாதிருக்க ஒரு மகன் மட்டும் மணமுடித்து ஏனையோர் மணமின்றி வாழவோ நாடுவிட்டுப் போகவோ வேண்டியிருந்த குடும்ப அமைப்புக்குக் கடும் கற்பொழுக்க போதனை மிகவும் வாய்ப்பாக அமைந்தது. மார்க்ஸ் 'மூலதனம்' முதற்பாகத்தில் (1867) அயர்லாந்தை ஆராய்ந்தபோது, பஞ்சம் ஏழைகளைக் கொன்று செல்வத்தைத் தீண்டாது விட்டதைச் சுட்டினார். அச்செல்வத்தின் மீதே புதிய தேவாலயங்கள் எழுந்தன எனலாம்.

இதனாலே மக்கள் எல்லாவற்றிலும் பணிந்தனர் என்று கொள்ளலாகாது. 1888 இல் குத்தகை மறுப்புப் போராட்டத்தை உரோமை கண்டித்தபோது விவசாயிகளும் குருமாரிற் பலரும் அதனைப் பொருட்படுத்தவில்லை. நிலம் வேண்டிய வர்க்கத்தின் நலனும் போதனையும் முரண்பட்டவிடத்துப் போதனையே வளைந்தது.

நிலமற்ற நகரத் தொழிலாளரின் கதை வேறு. 1913 ஆகஸ்டு இறுதியில் டப்ளின் முதலாளிகள், ஜேம்ஸ் லார்க்கின் தலைமையிலான தொழிற்சங்கத்தைக் கைவிட மறுத்த ஏறத்தாழ 20,000 தொழிலாளரைக் கதவடைப்புச் செய்தனர். அவர்களுக்குத் தலைமை தாங்கிய வில்லியம் மார்ட்டின் மர்பி பக்திமிக்க கத்தோலிக்கர். ஒக்டோபரில், பட்டினி கிடந்த பிள்ளைகளைப் போராட்டம் முடியும்வரை இங்கிலாந்துத் தொழிலாளர் வீடுகளில் வைத்துப் பராமரிக்கும் ஏற்பாடொன்று செய்யப்பட்டது. பேராயர் வோல்ஷ் இதனைக் கண்டித்தார். பிள்ளைகளை அனுப்பும் தாய்மார் கத்தோலிக்கத் தாய்மார் என்னும் பெயருக்குத் தகுதியற்றோராவர் என்பது அவர்தம் கடிதத்தின் சாரம். குருமாரும் அவர்களைப் பின்பற்றிய கூட்டத்தினரும் துறைமுகத்திலும் புகையிரத நிலையத்திலும் நின்று பிள்ளைகளைத் தடுத்தனர்.

வோல்ஷ் கொடியவரல்லர், தொழிலாளர் பால் அனுதாபமுடையவர் என முன்பு பெயர்பெற்றவர். அவர் கூறிய காரணங்களுள் ஒன்றை உற்றுநோக்குதல் வேண்டும்: வசதியான வீடுகளில் சில காலம் வாழ்ந்த பிள்ளைகள், பின்னர்த் தம் ஏழ்மை வீடுகளில் மனநிறைவு கொள்ளார். பசியைவிட மனநிறைவின்மை பெரிய ஆபத்தாக அவருக்குத் தோன்றியது. துன்பத்துக்கு ஆறுதல் கூறும் உரிமையை நெடுங்காலம் தன்வசம் வைத்திருந்த நிறுவனம், வேறெவரும் அத்துன்பத்தைத் தணிக்க முற்படுகையில் அதனைத் தன் எல்லைக்குள் நுழைந்த அந்நியராகவே காண்கிறது. இக்கட்டுரையில் நாம் நிறுவ முயல்வதும் இதுவே. ஜேம்ஸ் கொனொலி, இயேசுசபைக் குரு கேனின் தவக்காலப் பிரசங்கங்களுக்கு மறுப்பாக 1910 இல் எழுதிய 'உழைப்பு, தேசியம், மதம்' என்னும் சிறுநூலில், அயர்லாந்து மக்களின் இயக்கங்களுக்கு எதிராகத் திருச்சபைத் தலைமை எத்தனை முறை நின்றது என்பதை வரலாற்றுச் சான்றுகளோடு காட்டியிருந்தார். மூன்றாண்டுகளுள் டப்ளின் துறைமுகம் மேலுமொரு சான்றை வழங்கியது.

சுதந்திர அரசு தோன்றியபின் இவ்வுறவு சட்டத்திலும் இடம்பெற்றது. 1937 ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 44 ஆம் உறுப்புரை கத்தோலிக்கத் திருச்சபையின் 'விசேட நிலை'யை அங்கீகரித்தது. அச்சொற்றொடரின் உண்மைப் பொருள் 1951 இல் வெளிப்பட்டது.

1948 இல் சுகாதார அமைச்சரான வைத்தியர் நோயல் பிரவுண் பெற்றோரைக் கசநோய்க்குப் பறிகொடுத்தவர். தாமும் அந்நோயாற் பீடிக்கப்பட்டு மீண்டவர். தாய்மாருக்கும் பதினாறு வயது வரையான பிள்ளைகளுக்கும் வருமானச் சோதனையின்றி இலவச மருத்துவம் அளிக்கும் திட்டமொன்றை அவர் முன்வைத்தார். பிள்ளைகளின் உடல்நலத்தைப் பேணும் உரிமை பெற்றோருக்குரியது, அரசுக்குரியதன்று என ஆயர்கள் 1950 ஒக்டோபரில் எதிர்த்தனர். வறியோர் நூற்றுக்குப் பத்துப்பேரே. அவர்களை வருமானச் சோதனை என்னும் அவமானத்திலிருந்து காக்க முழுச் சமுதாயத்துக்கும் அரச மருத்துவம் எதற்கு என்பது அவர்தம் வாதங்களுள் ஒன்று. தாய்மாருக்கு வழங்கப்படும் போதனை கருத்தடைக்கு வழிகோலும் என்ற அச்சமும் இருந்தது. கட்டண வருமானத்தை இழக்க விரும்பாத வைத்தியர் சங்கமும் உடன்நின்று எதிர்த்தது. இக்கூட்டு தற்செயலானதன்று. ஆயர்களின் கோட்பாடு மட்டும் தனித்து நின்றிருப்பின் 1888 இற் போலவே வளைந்திருக்கலாம். சொத்துடைய ஒரு தொழிலினரின் நலன் அதற்கு முதுகெலும்பாயிற்று. பேராயர் மக்குவைட்டின் எதிர்ப்பின் முன் பிரதமர் கொஸ்ரெலோவின் அமைச்சரவை அடிபணிந்தது. ஏப்ரல் 11 இற் பதவி விலகிய பிரவுண், ஆயர்களோடு நடந்த கடிதப் போக்குவரத்தை மறுநாட் பத்திரிகைகளில் வெளிவரச் செய்தார். தாம் கத்தோலிக்கர் என்ற வகையில் திருச்சபை அதிகாரிகளுக்குக் கீழ்ப்படிவதாகப் பிரதமர் பாராளுமன்றத்திற் கூறினார். பிரவுணும் ஆயர்களின் ஒழுக்க அதிகாரத்தை மறுக்கவில்லை. எதிர்த்தவனும் அதே மொழியிற் பேசவேண்டியிருந்தமையே கருத்தியல் மேலாண்மையின் ஆழத்துக்குச் சான்று.

அக்காலத்திலேயே, மணமாகாத தாய்மாரும் அவர்தம் குழந்தைகளும் எங்கு வைக்கப்பட்டிருந்தனர் என்பது பெற்றோர் உரிமை பற்றிய மேற்படி வாதத்துக்குச் சிறந்த உரையாகும். 18 இல்லங்களை ஆராய்ந்த விசாரணை ஆணைக்குழு, அவற்றில் ஏறத்தாழ 9,000 குழந்தைகள் இறந்ததாக 2021 சனவரியில் அறிவித்தது. அவற்றுட் சில புரட்டஸ்தாந்தினர் நடத்தியவை. பெரும்பாலானவை கத்தோலிக்கக் கன்னியாஸ்திரிகளின் பொறுப்பிலும் அரச, உள்ளூராட்சிப் பணத்திலும் நடந்தவை. டியூமில் 1925 முதல் 1961 வரை இயங்கிய இல்லத்து நிலத்தின் கீழ்க் குழந்தைகளின் எச்சங்கள் காணப்பட்டதாக 2017 இல் உறுதிப்படுத்தப்பட்டது. மகதலேனா சலவைச்சாலைகளிற் பெண்கள் பாவப்பரிகாரம் என்ற பெயரிற் கூலியின்றி உழைத்தனர். அவற்றுள் இறுதியானது 1996 இல் மூடப்பட்டது. துன்பம் ஆன்மாவைத் தூய்மையாக்கும் என்ற போதனை இங்கே ஒரு தொழில் நிறுவனத்தின் கணக்கேட்டுக்கு உதவியது.

44 ஆம் உறுப்புரையின் விசேட நிலை 1972 திசம்பர் சர்வசன வாக்கெடுப்பால் நீக்கப்பட்டது. கருக்கலைப்புத் தடையை அரசியலமைப்பிற் சேர்த்த 1983 ஆம் ஆண்டுத் திருத்தத்தை, 2018 மே 25 அன்று வாக்களித்தோருள் நூற்றுக்கு 66.4 பேர் நீக்கினர். ஆயின் கட்டடங்களும் நிலமும் நிர்வாக உரிமையும் வாக்கெடுப்புக்கு உட்படவில்லை. அயர்லாந்தின் ஆரம்பப் பாடசாலைகளிற் பத்தில் ஏறத்தாழ ஒன்பது இன்றும் கத்தோலிக்கப் பாதுகாவலின் கீழேயே உள்ளன. இடம் போதாத பாடசாலையில் ஞானஸ்நானம் பெற்ற பிள்ளைக்கு முன்னுரிமை வழங்கும் வழக்கம் 2018 ஆம் ஆண்டுச் சட்டத்தாலேயே முடிவுக்கு வந்தது. அதுவரை, கோயிலுக்கே செல்லாத பெற்றோரும் பாடசாலை அனுமதிக்காகக் குழந்தையைத் திருமுழுக்குத் தொட்டிக்கு எடுத்துச் சென்றனர்.