உப்புக்கண்டம் பிறந்த கதை

கிடாவெட்டுக்கு மறுநாள் விடியும்போதே அப்பத்தா கோணி ஊசியும் நூல்கண்டுமாக முற்றத்தில் உட்கார்ந்துவிடுவாள். முந்தின நாள் சாயங்காலமே எங்கள் கூறில் மிஞ்சிய கறியை எலும்பிலிருந்து பிரித்து, சுண்டுவிரல் தடிமனுக்கு நீளநீளமாக அரிந்து, கல்லுப்பும் மஞ்சளும் வரமிளகாயும் பூண்டும் வைத்து அரைத்த விழுதில் பிசறி ஊறவிட்டிருப்பாள். ராத்திரியோடு ராத்திரியாகக் கறியிலிருந்து தண்ணீர் கழன்று சட்டியின் அடியில் சிவப்பாக நிற்கும். அதை வடித்துவிட்டு, ஒவ்வொரு துண்டாக ஊசியில் ஏற்றி, இரண்டு துண்டுக்கு நடுவே ஒரு விரற்கடை இடைவெளி விட்டு நகர்த்துவாள். ஒன்றோடொன்று ஒட்டினால் ஒட்டின இடத்தில் வெயில் படாது; அங்கேதான் முதலில் நாற்றம் வரும். பூக்கட்டுகிறவள் கையில் இருக்கும் கவனம் அவள் கையிலும் இருக்கும்.

உப்புக்கண்டம் என்றால் உப்பிட்ட துண்டு. கண்டம் என்பதற்குத் துண்டு என்றுதான் பொருள். ஏன் உப்பிட்டார்கள், ஏன் துண்டாக்கினார்கள் என்பதற்கு எங்கள் ஊர்ப்பக்கத்தைத்தான் பார்க்க வேண்டும்.

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிக்குப் போகிற வழியில் இரண்டு பக்கமும் கரிசல்தான். ஆண்டுக்கு ஏறக்குறைய 800 மில்லிமீட்டர் மழை. அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்த்துவிடும். குண்டாறு பெயருக்குத்தான் ஆறு. வருஷத்தில் முக்கால்வாசி நாள் அதில் மணல்தான் ஓடும். கண்மாய் நிறைந்தால் நெல், நிறையாவிட்டால் கம்பும் சோளமும் குதிரைவாலியும். நாள் தவறாமல் கிடைப்பது வெயில் ஒன்றுதான். முகத்தில் இரண்டு வெள்ளைக் கோடு போட்ட கன்னி ஆடும், வெள்ளை உடம்பில் செம்புள்ளி தெறித்த வேம்பூர்ப் பொட்டு ஆடும் இந்த வெயிலைத் தாங்கி, முள்ளுக்காட்டில் மேய்ந்து வளர்கிற இனங்கள்.

ஆடு வீட்டின் கைமுதல். நினைத்த நாளில் அறுத்துத் தின்ன முடியாது. குலசாமிக்கு நேர்ந்துவிட்ட கிடா பங்குனியிலோ சித்திரையிலோ வெட்டுப்படும். அன்றைக்கு வீடு நிறையக் கறி. மறுநாள் பொழுது சாய்வதற்குள் அது கெட்டுவிடும், ஏனென்றால் அது கோடை. அன்றைக்கு விட்டால் தீபாவளிக்குத்தான் மறுபடி கறிச்சட்டி அடுப்பேறும். ஒருநாள் மிதமிஞ்சல், அதன் பின்னால் ஆறேழு மாத வெறுமை. இந்த இரண்டுக்கும் நடுவில் நின்ற ஏதோ ஒரு பெண்ணின் கையில்தான் உப்புக்கண்டம் பிறந்திருக்க வேண்டும். கெடுக்கிற வெயிலையே காக்கிற வெயிலாக அவள் திருப்பிவிட்டாள். உப்பு உள்ளே இருக்கும் ஈரத்தை வெளியே இழுக்கும். வெளியே வந்த ஈரத்தைக் காற்றும் வெயிலும் கொண்டுபோய்விடும். ஈரம் இல்லாத இடத்தில் அழுகவைக்கிற கிருமி பெருகாது.

உப்பு தூத்துக்குடி அளத்திலிருந்து வந்தது. தூத்துக்குடியிலிருந்து மதுரைக்குப் போகிற சாலை இன்றைக்கும் அருப்புக்கோட்டை வழியாகத்தான் போகிறது. கடலோரத்தில் அந்த உப்பு மீனைக் கருவாடாக்கியது, உள்ளே வந்து கறியை உப்புக்கண்டமாக்கியது.

இதன் பழமைக்குச் சாட்சி பெரும்பாணாற்றுப்படை. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடியது. பாலை நிலத்து எயிற்றியர் என்ற வேட்டுவப் பெண்கள் கரம்பையைக் கிளறிப் புல்லரிசி சேர்த்து, நிலத்தில் குழித்த உரலில் குற்றி, ஆழக் கிணற்றின் உவர்நீரை முகந்து, வாய் உடைந்த பானையை முரிந்த அடுப்பில் ஏற்றிச் சமைக்கிறார்கள். அந்தச் சோற்றோடு வருவது வாடூன், அதாவது வாடவைத்த இறைச்சி. அதே பாட்டில் உமணர்களின் உப்பு வண்டிகளும் நெடுவழியில் போய்க்கொண்டிருக்கின்றன. பாட்டு தொண்டைமான் இளந்திரையன் நாட்டைப் பற்றியது. ஆனாலும் உவர்க்கிணறும் உடைந்த பானையும் உலர்ந்த கறியும் சேர்ந்த அந்த அடுப்படியைப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் திருச்சுழிப் பக்கத்து வீடுகள்தான் கண்ணில் தெரிகின்றன.

வெயிலே இல்லாத ஊர்க்காரர்களும் இதே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள். ஜெர்மனியின் குடியானவர்களுக்குப் பகை பனிக்காலம். தீவனம் தீருமுன் பன்றியை அறுத்து, கறியைக் கொத்தி உப்பிட்டு, குடலில் அடைத்துப் புகையில் தொங்கவிட்டார்கள். அதுதான் சாசேஜ். அந்தச் சொல்லின் வேர் லத்தீனில் ‘உப்பிட்டது’ என்று பொருள்படும் சொல். நம் பண்டத்தின் பெயரிலும் உப்புதான் முன்னால் நிற்கிறது. கூடவே முட்டைக்கோசை மெல்லியதாகச் சீவி, நூற்றுக்கு இரண்டு பங்கு போல உப்பிட்டு, கல்லைப் பாரமாக வைத்து வாரக்கணக்கில் புளிக்கவிட்டார்கள். அது சவர்க்ரௌட். அந்தப் புளிப்பைத் தொடங்கிவைக்கும் லியூக்கோனாஸ்டாக் என்ற நுண்ணுயிர்தான் நம் இட்லி மாவையும் பொங்கவைக்கிறது. உப்புக்கறியும் புளித்த கோசும் ஒரே சட்டியில் நிதானமாக வெந்தால் அவர்களுக்கு விருந்து. எங்களுக்கு உப்புக்கண்டமும் புளித்த கம்மங்கூழும். உப்பேறிய கறிக்குப் பக்கத்தில் புளிப்பு இருந்தால்தான் நாக்கு அடுத்த வாய்க்குத் தயாராகும் என்பதை இரண்டு ஊர்ப் பெண்களும் தனித்தனியே கண்டிருக்கிறார்கள்.

நிதானமாக வேகவைக்கிற மின்சாரச் சட்டிக்கும், அதாவது ஸ்லோ குக்கருக்கும், ஒரு தாய்வழிக் கதை இருக்கிறது. சிகாகோவில் வாழ்ந்த இர்விங் நாக்சனின் அம்மா லித்துவேனியாவிலிருந்து வந்தவர். அங்கே யூதக் குடும்பங்கள் வெள்ளிக்கிழமை பொழுது சாயுமுன் பயறும் கறியும் போட்ட சட்டியை ரொட்டிக்கடைக்குக் கொண்டுபோவார்கள்; அடங்கிவரும் அடுப்புச் சூட்டிலேயே அது ராமுழுக்க வெந்துகொண்டிருக்கும். அம்மா சொன்ன அந்தக் கதைதான் நாக்சனை மின்சாரச் சட்டி செய்யவைத்தது. காப்புரிமை கிடைத்தது 1940இல். 1970இல் ரைவல் நிறுவனம் அவர் தொழிலை வாங்கி, அடுத்த வருஷமே கிராக்பாட் என்ற பெயரில் அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது.

அப்பத்தாவின் அடுப்பும் அந்த ரொட்டிக்கடை அடுப்புக்கு உறவுதான். உப்புக்கண்டத்தைச் சுடுதண்ணீரில் கொஞ்சம் ஊறவிட்டு, அம்மியில் வைத்து நார் பிரியத் தட்டுவாள். நல்லெண்ணெயில் சின்ன வெங்காயமும் பூண்டும் வதங்கியதும் கறி விழும். முந்தின நாளே ஊறிய மொச்சை, மல்லியும் மிளகாயும் வறுத்து அரைத்த மசாலா, இளம்புளிக் கரைசல், கடைசியில் கத்தரிக்காய். உப்பு போடமாட்டாள், அது கறியிலேயே இருக்கிறது. ஒரு கொதி வந்ததும் விறகை வெளியே இழுத்துவிட்டு, கருவேலங் கங்கைச் சட்டியைச் சுற்றி அணைத்து வைப்பாள். கருவேலங் கங்கு சீக்கிரத்தில் சாம்பலாகாது. நாங்கள் பள்ளிக்கூடம் போய்த் திரும்புகிறவரை அது உள்ளே கனன்றுகொண்டே இருக்கும். குழம்பு சுண்டி, எண்ணெய் மேலே மிதந்து, மொச்சை தோலோடு மசியும். தெருமுனையிலேயே வாசனை வந்துவிடும்.

ஒரு வருஷம் சித்திரையில், கறி கொடியில் ஏறிய இரண்டாம் நாளே வானம் மூடிக்கொண்டது. மூன்று நாள் மூட்டம், நடுவில் ஒரு தூறல். வீட்டுக்குள் கயிறு கட்டி, கீழே கங்குச்சட்டி வைத்துப் பார்த்தாள். நான்காம் நாள் காலையில் ஒரு துண்டை முகர்ந்து பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் அத்தனையையும் இறக்கினாள். வேலிக்கு அந்தப்பக்கம் குழி வெட்டிப் புதைத்தாள். நாய்க்குக்கூடப் போடவில்லை. அன்று முழுக்க அவள் சாப்பிடவில்லை. மழைக்கு ஏங்குகிற ஊரில் மழை வந்ததற்காக ஒருத்தி வருந்தி நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

சரியாகக் காய்ந்த வருஷங்களில், நாலைந்து வெயில் பட்டதும் துண்டை ஒடித்துப் பார்ப்பாள். விறகுச்சுள்ளிபோலச் சத்தம் வர வேண்டும். ஒரு கிலோ கறி கால் கிலோவுக்குச் சற்று மேலே நிற்கும். சத்தம் வந்த துண்டுகளை மண்கலயத்தில் போட்டு, வாயில் வெள்ளைத்துணி கட்டி, அடுக்குப்பானையின் உச்சியில் வைத்துவிடுவாள். இப்போது கடைகளில் பொட்டலமாகவே கிடைக்கிறது. வாங்கித் தின்றேன். மேலே முறுக்கு, உள்ளே ஈரம். ராத்திரிப் பனிக்கு உள்ளே எடுத்து, காலையில் மறுபடி கட்டி, காக்காயை விரட்டிய கை அதில் இல்லை.

அந்தக் கலயத்தை எங்கள் வீட்டில் யாரும் இஷ்டத்துக்குத் திறக்க முடியாது. அடை மழை பெய்து காடுகரைக்குப் போக முடியாத நாளில் திறப்பாள். பிள்ளை பெற்ற வீட்டுக்கு நாலு துண்டு போகும். திருப்பூருக்கு வேலைக்குப் போயிருந்த சித்தப்பா எந்த மாதம் வருவார் என்று யாருக்கும் தெரியாது. அவர் பங்கு கலயத்தின் அடியில், தனித் துணியில் முடிந்து கிடக்கும்.